வீட்டுக்கே வரும் மிஸ்ஸியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை

தம்பிக்கு வந்திருப்பது மனநோய் என்று புரிந்து, அவனுக்கு ஒழுங்கான கவனிப்பு கிடைக்கும் வரை எங்கள் வீட்டிலிருந்து போன பணம் ஏறக்குறைய ஒன்பதாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்). நான் எடுத்த சம்பளமில்லாத லீவும், அம்மா விட்டுவிட்ட துப்புரவு வேலையும் இந்தக் கணக்கில் வரவில்லை. கோலாலம்பூர் செந்தூல் பக்கம் பி.பி.ஆர். என்கிற அரசாங்கக் குறைந்த வாடகை ப்ளாட்டில் மாதம் 124 வெள்ளி வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு ஒன்பதாயிரம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி செலவாகியே இருக்க வேண்டாம் என்பதுதான் இன்றும் வயிற்றெரிச்சல். வீட்டுக்கே வந்து பார்க்கிற தாதியர் குழு (தாதியை இங்கே மிஸ்ஸி என்போம்) அரசாங்க மருத்துவமனையில் அப்போதே இருந்தது. இருப்பது தெரிந்தால்தானே கேட்போம்? தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. அப்பா இல்லை, விவரம் தெரிந்த சொந்தமும் பக்கத்தில் இல்லை. ஒவ்வொன்றாக நானே அலைந்து தெரிந்துகொண்டதை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே நிலைமையில் யாராவது இருந்தால் உதவட்டும்.

தம்பி ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவன். கோவிட் நேரத்து எம்.சி.ஓ. ஊரடங்குக் காலத்தில் ஹோட்டல் ஆட்களைக் குறைத்தபோது இவனும் வீட்டோடு வந்துவிட்டான். முதலில் தூக்கம் மாறியது. பகலில் தூங்கி இரவில் முழித்திருப்பதை அந்த நேரத்தில் எல்லா வீட்டுப் பையன்களும்தான் செய்தார்கள். அப்புறம் குளிப்பது நின்றது. மேல்வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குழாய் வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னான். கைப்பேசி கேமராவின் மேல் பிளாஸ்டர் ஒட்டினான். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் சோற்றில் கை வைப்பான். ப்ளாட்டில் சுவருக்குச் சுவர் வீடு, ராத்திரி அவன் கத்தினால் நாலு கதவு திறக்கும். ஒரு பக்கம் அவனை நினைத்துப் பயம், இன்னொரு பக்கம் காலையில் லிஃப்டில் யார் முகத்தில் விழிப்பது என்ற வெட்கம். உண்மையைச் சொன்னால், சில நாள் அந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

மாமா ஒருவர் இது செய்வினை என்றார். கிள்ளான் பக்கத்தில் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். பூஜை, தகடு, எலுமிச்சம்பழம் என்று 1,800 வெள்ளி போனது. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணெதிரில் பிள்ளை கரையும்போது எந்தத் தாயும் எந்தக் கதவையும் தட்டுவாள். கோயிலுக்குப் போவதை இன்றும் நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி எந்தத் தாதியும் சொன்னதும் இல்லை. ஆனால் "மருந்து கொடுத்தால் பூஜை பலிக்காது" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த வாக்கியத்தால் எங்களுக்குப் பணத்தோடு மாதங்களும் போயின.

அடுத்து தனியார். வீட்டருகே இருந்த கிளினிக் டாக்டர் நல்லவர். "இது மனநல டாக்டர் பார்க்க வேண்டியது, சீக்கிரம் பார்க்க வேண்டுமானால் தனியாரில் பாருங்கள்" என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். ஆலோசனைக் கட்டணமும் மருந்தும் சேர்ந்து ஒரு தடவைக்கு ஐந்நூறு, அறுநூறு வந்தது. தம்பிக்கு ரயிலில் கூட்டம் ஆகாது, எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பான், அதனால் போகவர கிராப் டாக்சி. மொத்தத்தில் டாக்டருக்கும் மருந்துக்கும் மூவாயிரத்து ஐந்நூறு, பயணத்துக்கு ஆயிரத்துக்கு மேல். டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பணம் தீர்ந்தபோது மாத்திரையும் தீர்ந்தது. இந்த நோய்க்கு வருஷக்கணக்கில் மருந்து வேண்டும் என்பதை முதல் நாளே எங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், எங்கள் சம்பளத்தில் எது வருஷக்கணக்கில் ஓடும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருப்போம்.

அந்தக் கணக்கை நீங்கள் இப்போதே போடுங்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. அங்கிருந்து ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால், தொடர் சிகிச்சைக்கு ஒரு தடவைக்கு 5 வெள்ளி, மருந்தும் அதிலேயே அடக்கம். தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் தடவைக்கு 30 வெள்ளி. ஆகக் கடிதத்தை எங்கே வாங்குகிறோம் என்பதில்கூடப் பணம் இருக்கிறது.

கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். மனநலம் என்று சொன்னதும் டாஸ் என்ற 21 கேள்வித் தாளைக் கொடுப்பார்கள். அது மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் மூன்றையும் அளக்கிற தாள். காதில் குரல் கேட்கிறதா, யாராவது பின்தொடர்வதாகத் தோன்றுகிறதா என்றெல்லாம் அதில் கேள்வி இல்லை. என் தம்பி எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தாளைப் பார்த்தவர் 'நார்மல்' என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய், குழாய், கேமரா, சோறு, ராத்திரிக் கத்தல் எல்லாவற்றையும் கைப்பேசியில் தேதியோடு எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். அதைப் படித்த பிறகுதான் ரெஃபரல் எழுதினார்கள். "தம்பி சரியில்லை, ஒரு மாதிரி இருக்கான்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. என்ன செய்தான், எப்போது செய்தான், எத்தனை நாளாகத் தூங்கவில்லை, இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கக் கொடுத்த தவணைத் தேதி வருவதற்குள் 2022-இல் அந்த ராத்திரி வந்துவிட்டது. விவரம் எழுத எனக்கு மனமில்லை. எங்கள் வீடு பதினான்காவது மாடி, அவன் நடைபாதைக் கம்பி ஓரம் போய் நின்றான், பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் அவர் மகனும் பேசிப் பேசி உள்ளே கூட்டி வந்தார்கள் என்பது போதும். அந்த நேரத்திலும் அம்மா, "போலீசுக்குச் சொல்லாதே, பிள்ளையை ஜெயிலில் போட்டுவிடுவார்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை என்று தண்டனைச் சட்டத்தில் 309-ஆவது பிரிவு அப்போது இருந்தது. 2023-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்று அந்தக் காரணத்துக்காக யாரும் தயங்க வேண்டாம், அவசர எண் 999-ஐக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லலாம்.

நான் காவல் நிலையத்துக்கே ஓடினேன். முகப்பில் இருந்தவர், "இது குடும்ப விவகாரம், நீங்களே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்" என்றார். ஆறடிப் பையனை நானும் அம்மாவும் எப்படிக் கூட்டிப் போவது? மனநலச் சட்டம் 2001, அதாவது சட்டம் 615 (மலாயில் அக்தா 615), பிரிவு 11 என்று ஒன்று இருக்கிறது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக, போலீசுக்கும் சமூகநல அதிகாரிக்கும் அது அதிகாரம் தருகிறது. சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. "அக்தா 615, செக்‌ஷன் 11" என்று மரியாதையாக ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் மேலதிகாரியைக் கேட்கவாவது எழுந்து போவார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கடைசியில் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 வெள்ளி. அங்கேதான் ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவு நோய், என்று முதன்முதலாகப் பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்ததும் எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி. அம்மாவுக்கு மட்டும் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற சொல் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. தம்பி கோலாலம்பூரை விட்டு எங்கும் போகவில்லை, ஆனால் அந்தத் தலைமுறைக்கு மனநோய் என்றாலே 1911-இல் அந்த ஊரில் திறந்த மனநல மருத்துவமனைதான். ஒரு பை ரிஸ்பெரிடோன் மாத்திரையோடும் ஒரு தவணை அட்டையோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரத்தில் மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தான். அம்மா பயந்துபோய், உறவினர் சொன்னார் என்று ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் முன்பணமும் மாதக் கட்டணமுமாக 2,400 வெள்ளி கட்டிச் சேர்த்தார். பார்க்கப் போன அன்று அவன் இருந்த அறைக்கு வெளியிலிருந்து பூட்டு. அன்றே கூட்டி வந்துவிட்டேன், முன்பணம் திரும்பி வரவில்லை. மறுபடியும் அவசரப் பிரிவு, மறுபடியும் வார்டு.

இரண்டாம் தடவை வீட்டுக்கு விடும்போது வார்டு சிஸ்டர், நம் ஆள்தான், ஓய்வு பெறும் வயது, என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏம்மா, வீட்டுக்கு வந்து பார்க்கிற கொமுனிட்டி டீம் இருக்கே, யாரும் உன்கிட்ட சொல்லலையா?" என்றார். இல்லை சிஸ்டர் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய் டாக்டரிடம் பேசி, அன்றே அதில் சேர்க்கிற பாரத்தை (படிவத்தை) எழுதவைத்தார். அந்த ஒரு கேள்வி முதல் தடவையே வந்திருந்தால், இல்லத்துக்குக் கட்டிய பணமும் மறுபடி வார்டில் போன நாட்களும் மிச்சம். மருத்துவமனைக்கு மருத்துவமனை ஏற்பாடு மாறும், வீடு அவர்கள் எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆனாலும் வீட்டுக்கு விடுகிற நாளில் பையைக் கட்டுவதற்கு முன் "சைக்கியாட்ரி கொமுனிட்டியில் சேர்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். அடிக்கடி மருந்தை நிறுத்துகிறவர், திரும்பத் திரும்ப வார்டுக்கு வருகிறவர், வீட்டில் துணை குறைந்தவர், இவர்களுக்குத்தான் அந்தக் குழு. எங்களுக்கு மூன்றுமே பொருந்தியது.

முதல் தடவை ஒரு மலாய் மிஸ்ஸியும் ஒரு எம்.ஏ.வும் வந்தார்கள். எம்.ஏ. என்றால் துணை மருத்துவ அதிகாரி, அம்மா இன்னும் டிரெஸ்ஸர் என்றுதான் சொல்வார். டாக்டர் வரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அது அரை மணி நேரத்தில் போய்விட்டது. மிஸ்ஸி மருந்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தம்பியை 'அடேக்' (மலாயில் தம்பி) என்று கூப்பிட்டு, ஹோட்டலில் என்ன சமைப்பாய், நாசி கோரெங் என்கிற வறுத்த சோற்றுக்கு எந்த அரிசி நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் எங்களிடம் பேசாதவன் பழைய சோறுதான் நல்லது என்று பதில் சொன்னான். பேசிக்கொண்டே இரத்த அழுத்தம் பார்த்தார், எடை பார்த்தார், இடுப்பளவு எடுத்தார், ஏனென்றால் இந்த மருந்துகளில் உடம்பு போடும், சர்க்கரை ஏறும். மாத்திரை அட்டையை எண்ணினார். சமையலறையைப் பார்த்தார், அவன் படுக்கும் இடத்தைப் பார்த்தார். அம்மாவிடம், "நீங்கள் தூங்குகிறீர்களா?" என்றும் கேட்டார். அம்மாவிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கிளம்பும்போது, தம்பி உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பதையும், நடுவில் எழுந்து எழுந்து நடப்பதையும் எப்போதிலிருந்து என்று கேட்டார். மருந்து ஆரம்பித்ததிலிருந்து என்றேன். நாங்கள் அதையும் நோய் என்றே நினைத்திருந்தோம். அது மருந்தின் பக்கவிளைவாம். உள்ளுக்குள் எறும்பு ஊறுவதுபோல ஒரு நிமிஷம் உட்கார முடியாமல் செய்துவிடும், அந்த அவதி தாங்காமல் நிறைய பேர் மருந்தையே நிறுத்திவிடுவார்கள் என்றார். தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். "ஆமா" என்றான், அவ்வளவுதான். திமிர் என்று மாமா சொன்னதும், கிரகம் என்று அம்மா சொன்னதும், கடைசியில் ஒரு மாத்திரையின் அளவு. கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவன் எப்படியோ அடங்கி உட்கார்ந்துவிடுவான், அதனால் அங்கே யார் கண்ணிலும் இது பட்டதில்லை. வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரிந்தது. மிஸ்ஸி டாக்டரிடம் சொல்லி, அளவைக் குறைத்து, கூடவே ப்ரோப்ரனோலோல் என்ற மாத்திரை கொடுத்தார்கள். கால் ஆட்டம் அடங்கியது. பிற்பாடு, தினமும் மாத்திரை முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று அவனே கேட்டு, மாதம் ஒருமுறை போடுகிற ஊசிக்கு மாறினான். ஊசியையும் வீட்டிலேயே போடுகிறார்கள். அதனால் சொல்கிறேன், உங்கள் வீட்டில் யாராவது மருந்தை நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று திட்டுவதற்கு முன், அதைச் சாப்பிட்டால் உடம்பு என்ன செய்கிறது என்று கேளுங்கள். நடுக்கம், கை கால் இறுக்கம், எச்சில் வடிதல், உட்கார முடியாமை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. நாமாக மருந்தைக் குறைத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பயந்து அம்மா ஆரம்பத்தில் குழுவே வர வேண்டாம் என்றார். மருத்துவமனை வண்டி கீழே நின்றால் ப்ளாக் முழுக்கத் தெரிந்துவிடுமே. இதை மிஸ்ஸியிடம் நேராகவே சொன்னேன், வண்டியைக் கடை வரிசைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். கேட்டால் செய்வார்கள், நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம். மொழிக்கும் அதேதான். அம்மாவுக்கு மலாய் கடையில் பேசுகிற அளவுக்குத்தான் வரும். நான் வேலையில் இருந்த ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண்ணை மொழிபெயர்க்க வைத்தார்கள், அது பாவம் கூச்சப்பட்டுப் பாதியை விழுங்கிவிட்டது. அதிலிருந்து, நான் இல்லாத நாளில் தமிழ் தெரிந்தவர் வர முடியுமா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்பேன். முடியாவிட்டால் அந்த வாரம் நடந்ததை மலாயில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவேன்.

எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். குழு வருவது அலுவலக நேரத்தில், வார நாட்களில். நெருக்கடி என்னவோ சனிக்கிழமை ராத்திரிதான் வரும். அந்த நேரத்துக்கு 999 அல்லது பக்கத்து அவசரப் பிரிவுதான். பேச ஆள் வேண்டுமானால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பெஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-7627 2929. இரண்டையும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். நோயாளிக்கு மட்டுமல்ல, நமக்கும்தான் அந்த எண்கள், நான் கூப்பிட்டிருக்கிறேன். தம்பி தேறத் தேற அவர்கள் வருகையும் குறைந்தது. நடுவில் பழகிய மிஸ்ஸிக்கு மாற்றல் வந்து, புதியவரிடம் தம்பி மறுபடியும் வாயை மூடிக்கொண்டான், நாங்களும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர்கள் நிலைமையையும் பார்க்க வேண்டும். தேசிய சுகாதார ஆய்வில் 2019-இல் பெரியவர்களிடையே 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023-இல் 4.6 விழுக்காடு. அது தம்பியின் நோய் இல்லைதான், என்றாலும் எல்லாரும் வந்து நிற்பது அதே கிளினிக் வாசலில்தான். லிஃப்ட் கெட்டுப்போன நாளில் ஊசிப் பெட்டியோடு பதினான்கு மாடி ஏறி வந்த மிஸ்ஸியிடம் ஏன் தாமதம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் நம் பக்கத்து வேலையைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம். தொடர்பு எண்ணை ஒருவர் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். ஊசித் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். தூக்கம் கெட்டு இரண்டாவது ராத்திரியே போன் போடுங்கள். எங்கள் தம்பிக்கு எப்போதும் தூக்கம்தான் முதலில் கெடும், உங்கள் வீட்டில் அது வேறொன்றாக இருக்கலாம், கண்டுபிடித்து வையுங்கள்.

மெந்தாரி பற்றியும் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்துகிற சமூக மனநல மையங்கள் அவை. மருத்துவமனை வாசனையே இருக்காது, பெரும்பாலும் கடைவீடோ சாதாரணக் கட்டடமோதான். சிகிச்சையோடு வேலை தேடித் தருவதும், வேலையில் சேர்ந்த பிறகு கூடவே இருந்து பார்த்துக்கொள்வதும் அவர்கள் பணி. மிஸ்ஸிதான் அங்கே சேர்த்துவிட்டார். தம்பி இப்போது ஒரு சலவைக் கடையில் அரை நாள் வேலை பார்க்கிறான். சமையலறைக்குத் திரும்ப ஆசை இருக்கிறது, சூடும் சத்தமும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஓ.கே.யூ. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. மனநலக் குறைபாடும் அதில் ஒரு பிரிவு, ஆனால் குறைந்தது 2 ஆண்டு சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும். தனியாரில் பார்த்த காலத்துக்கு எங்களிடம் ஒழுங்கான தாள் எதுவும் இல்லை, அதனால் 2022 வார்டிலிருந்துதான் எண்ணினார்கள், 2024-இல்தான் கிடைத்தது. எந்த டாக்டரைப் பார்த்தாலும், தேதியுள்ள ரசீதையும் மருந்துச் சீட்டையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நாங்கள் விண்ணப்பித்தபோது, வேலை செய்ய முடியாதவர்களுக்குச் சமூகநல இலாகாவில் மாதம் 300 வெள்ளி, குறைந்த சம்பளத்தில் வேலை செய்கிற ஓ.கே.யூ.வுக்கு 450 வெள்ளி. தம்பி முதலில் முந்தையதைத்தான் வாங்கினான், வேலை கிடைத்ததும் மாற்றிக் கொடுத்தோம். பாரத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. அதைத் தவணை நாளன்று கையோடு கொண்டுபோங்கள், தனியாகப் போனால் இன்னொரு நாள் லீவு போகும். எங்களுக்கு அந்தப் பக்கத்தில் முத்திரை விழாமல் திரும்பி வந்தது, அதையும் அங்கேயே நின்று சரிபார்த்துவிடுங்கள்.